துணி படம் எடுக்க எஸ்25 அல்ட்ராவா, எக்ஸ்200 ப்ரோவா? இத்தனை லென்ஸில் எது வேலைக்கு ஆகும்?

அங்கேரிபாளையம்_தையல்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் சின்ன யூனிட் வைத்துக் குழந்தைகள் துணி தைத்துக் கொடுக்கிறோம். எக்ஸ்போர்ட் கிடையாது, காதர்பேட்டை மொத்த வியாபாரமும் கொஞ்சம் ஆன்லைனும்தான். படமெல்லாம் நானே போனில்தான் எடுக்கிறேன். இப்போது இருக்கிற போன் பழசாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். இந்த முறை நல்ல கேமரா போனாக ஒன்று வாங்கி நாலைந்து வருஷம் ஓட்டலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

எனக்கு வேண்டியது மூன்றே மூன்றுதான். வரி வரியாக இருக்கும் ரிப்பா, குழி குழியாக இருக்கும் பிக்கேயா என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி பின்னல் குளோஸப்பில் விழ வேண்டும். முழு உருப்படி கோணாமல் விழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கலர். மெரூன் போட்டால் படத்தில் சிவப்பாக வருகிறது, வாங்கியவர்கள் "படத்தில் பார்த்தது இது இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள், போக்குவரத்துச் செலவு நம் தலையில்.

சாம்சங் எஸ்25 அல்ட்ரா 2025 ஜனவரியில் 1,29,999 ரூபாய் விலையில் வந்தது. விவோ எக்ஸ்200 ப்ரோ வந்தபோது 94,999. இரண்டிலுமே 200 மெகாபிக்சல் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒன்றில் அது மெயின் லென்ஸில், இன்னொன்றில் ஜூம் லென்ஸில் இருக்கிறது. இதில் எது எனக்கு உதவும்? ரீல்ஸ், கேம் எதுவும் எனக்குத் தேவையில்லை. துணியோடு புழங்குகிறவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


நொய்யல்கரை_மெர்ச்சண்டைசர்:

அக்கா, நான் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன், சாம்பிள் படம் அனுப்புவது தினசரி வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 200 என்ற எண்ணைத் தள்ளி வையுங்க. எஸ்25 அல்ட்ராவின் மெயின் சென்சாரில் ஒரு பிக்சல் 0.6 மைக்ரான்தான், சாதாரணமாக எடுக்கும்போது 16 பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. முழு 200-ல் எடுக்கவும் வழி உண்டு, நல்ல வெளிச்சத்தில் பிரயோஜனப்படும். ஆனால் ஃபைல் பெரிதாகும், ட்யூப்லைட் வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாக வரும்.

துணிக்கு முக்கியம் எவ்வளவு கிட்டத்தில், எந்த லென்ஸில் ஃபோகஸ் ஆகிறது என்பது. எஸ்25 அல்ட்ராவில் பின்னால் நாலு லென்ஸ்: 200 மெகாபிக்சலில் மெயின், 50-ல் அல்ட்ரா வைட் (அகலமாக எடுக்கிற லென்ஸ்), 10-ல் 3 மடங்கு ஜூம், 50-ல் 5 மடங்கு ஜூம். ரொம்பக் கிட்டே போனால் அல்ட்ரா வைடுக்கு மாறித்தான் குளோஸப் எடுக்கும். இதற்கு முந்தைய எஸ்24 அல்ட்ராவில் 12 ஆக இருந்த அந்த லென்ஸை இதில் 50 ஆக்கியிருக்கிறார்கள், விவரம் கூடியிருக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் அல்ட்ரா வைடில் குளோஸப் என்றால் போன் துணியை உரசுகிற தூரத்துக்குப் போயாக வேண்டும், அப்போது போனின் நிழலே துணி மேல் விழுந்துவிடும். வெள்ளைத் துணியில் சாம்பல் கலரில் ஒரு கறை மாதிரி தெரியும், பார்த்திருப்பீங்க.

எக்ஸ்200 ப்ரோவில் மூன்று லென்ஸ்தான். அந்த 200 மெகாபிக்சல் 85 மி.மீ. ஜூம் லென்ஸில் இருக்கிறது, 3.7 மடங்கு. அந்த லென்ஸே கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தே பின்னலின் ஒவ்வொரு கண்ணியையும் எடுக்கலாம், நிழல் விழாது, பக்கத்தில் லைட்டையும் சாய்த்து வைத்துக்கொள்ள இடம் கிடைக்கும். லைட் பக்கவாட்டில் வந்தால்தான் ரிப்பின் மேடு பள்ளம் தெரியும், நேராக அடித்தால் இண்டர்லாக் பின்னல் மாதிரி வழுவழு என்று காட்டிவிடும். உங்கள் வேலைக்கு இந்த ஒரு லென்ஸுக்காகவே நான் இதைத்தான் சொல்வேன்.

மெரூன் சிவப்பாவதற்கு எந்த போன் வாங்கினாலும் முழுத் தீர்வு கிடையாது, ஏனென்றால் காரணம் போனின் ஆட்டோதான். படம் முழுக்க இருண்ட துணி நிறைந்திருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து அதைத் தூக்கிக் காட்டும், மெரூன் வெளுத்துச் சிவப்பாகும், நேவி ராயல் ப்ளூ ஆகும். வெள்ளைத் துணிக்கு இதுவே தலைகீழ், அழுக்கு வெள்ளையாக்கிவிடும். துணி மேல் தொட்டு ஃபோகஸ் வைத்து, பக்கத்தில் வரும் சூரியன் படத்தை மெரூனுக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளைக்குக் கொஞ்சம் மேலே இழுங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.


சென்னிமலை_தறி:

நாங்கள் பெட்ஷீட், போர்வை. தம்பி சொன்னது சரிதான், ஆனால் அம்மிணி, போனுக்கு ஒரு லட்சம் போடுவதற்கு முன்னால் வெளிச்சத்துக்கு ஆயிரம் ரூபாய் போடுங்க. வடக்குப் பார்த்த ஜன்னலில் வருஷத்தில் பெரும்பாலான மாதம் நேர் வெயில் விழாது, காலை பத்து மணிக்கு மேல் அங்கே ஒரு மேஜை போட்டு, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை நிறுத்தினால் போதும். ட்யூப்லைட்டையும் ஜன்னலையும் கலந்து மட்டும் எடுக்காதீங்க. ஒரு பக்கம் நீலம் அடிக்கும், மறுபக்கம் மஞ்சள் அடிக்கும், எந்த போனாலும் அதைச் சரி பண்ண முடியாது.

எல்ஈடியில்தான் எடுக்க வேண்டும் என்றால், மலிவான லைட்டில் படத்தில் குறுக்கே கருப்புப் பட்டை ஓடும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் நொடிக்கு 100 தடவை மின்னும். எல்லாவற்றையும் நாமே மாற்றுகிற ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டை போய்விடும்.

கட்டம் போட்ட துணிக்கு இன்னொரு தொல்லை உண்டு. படத்தில் வானவில் மாதிரி அலை அலையாகக் கோடு வரும். துணியின் இழை வரிசையும் சென்சாரின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது. துணியில் பழுது என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். நாலு விரற்கடை முன்னே பின்னே நகர்ந்தாலோ போனைச் சற்றுத் திருப்பினாலோ போய்விடும். படத்தை முழுசாகப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யுங்க, சில சமயம் கோடு திரையில் மட்டும் தெரியும், படத்தில் இருக்காது.


கண்ணபுரம்_காளை:

நான் துணிக்காரன் இல்லை, காங்கேயம் மாடு வளர்க்கிறோம். சந்தையில் கிட்டே போனால் மிரளும் காளையைத் தள்ளி நின்று எடுக்க 5 மடங்கு ஜூம் எனக்கு ரொம்ப உதவுகிறது. எக்ஸ்200 ப்ரோவில் தனியாக 5 மடங்கு லென்ஸ் கிடையாது, ஆனால் அந்த 200 சென்சாரின் நடுப்பகுதியை வெட்டியே நன்றாகக் கொடுக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், சாம்சங்கில் 7 வருஷம் அப்டேட் உண்டு, அக்கா நாலைந்து வருஷம் வைத்திருப்பேன் என்கிறார், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.


அங்கேரிபாளையம்_தையல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. சூரியன் படத்தை இழுக்கிற விஷயத்தை இப்போதே பழைய போனில் செய்து பார்த்தேன், மெரூன் மெரூனாகவே வருகிறது! இன்னும் இரண்டு சந்தேகம். என் அண்ணன் ஐபோன் 16 ப்ரோதான் கலருக்கு நம்பகம் என்கிறார், அது துணிக்கு எப்படி? அப்புறம், நியான் பிங்க், நியான் பச்சை இரண்டும் எப்படி எடுத்தாலும் வெளிறித்தான் வருகிறது, அதற்கும் வழி இருக்கிறதா?


நொய்யல்கரை_மெர்ச்சண்டைசர்:

ஐபோன் 16 ப்ரோவில் 48 மெயின், 48 அல்ட்ரா வைட், 12-ல் 5 மடங்கு ஜூம். அந்த 5 மடங்கு லென்ஸ் கிட்டத்துத் துணிக்கு ஆகாது, ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் ஆகும். குளோஸப்புக்கு அதிலும் அல்ட்ரா வைடுதான், ஆகவே அதே நிழல் பிரச்சினை. வீடியோவுக்கு அருமையான போன், அண்ணன் சொல்வதில் தப்பில்லை, ஆனால் நீங்கள் கேட்ட வேலை வேறு.

நியானுக்கு வழி இல்லைங்க. அந்தச் சாயம் புற ஊதாவையும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் ஒரு பகுதியையும் உள்வாங்கி வெளிச்சமாகத் திருப்பி விடுகிறது, ஆன்லைனில் படங்கள் போகும் எஸ்ஆர்ஜிபி நிற எல்லைக்குள் அந்தக் கலரே கிடையாது. "நேரில் இன்னும் பளிச்சென்று இருக்கும்" என்று விவரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்க, நாங்களும் அப்படித்தான் எழுதுகிறோம். ஷேட் அப்ரூவல், அதாவது கலரை ஒப்புக்கொள்வது என்று வந்தால் எந்தக் கம்பெனியும் படத்தை நம்புவதில்லை, லேப் டிப் என்கிற சாயம் போட்ட மாதிரித் துண்டு கூரியரில் போகும், அங்கே லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை ட்யூப்லைட் வெளிச்சம்) இரண்டிலும் வைத்துப் பார்த்துத்தான் சரி என்பார்கள்.

வாங்குவதற்கு முன் கடையில் பார்க்க வேண்டியது இதுதான். மெரூன், நேவி, வெள்ளை, ஒரு ரிப் துண்டு, இவற்றைக் கையில் கொண்டு போங்க. ஒரே துணியை 1 மடங்கிலும், ஜூம் லென்ஸிலும் (சாம்சங்கில் 3 மடங்கு, விவோவில் 3.7 மடங்கு) எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. லென்ஸ் மாறினால் கலர் மாறுகிறதா என்பதுதான் பெரிய சோதனை. பல லென்ஸ் போன்களில் இதுதான் பலவீனம், விளம்பரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். முன்பக்கமும் குளோஸப்பும் இரண்டு கலரில் இருந்தால் வாங்குகிறவர் எதை நம்புவார்?

அப்புறம், ஜூம் போட்டுக்கொண்டு துணிக்குக் கிட்டே போய், ஜூம் லென்ஸை விரலால் மூடுங்க. திரையில் படம் அப்படியே நின்றால், போன் ஜூம் லென்ஸை விட்டுவிட்டு மெயினையே வெட்டிக் காட்டுகிறது என்று அர்த்தம். திரை கருத்தால் உண்மையான லென்ஸ் வேலை செய்கிறது. கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது.

கடைசியாக, கடையிலேயே போனின் செட்டிங்கில் திரையை, கலரைத் தூக்கிக் காட்டும் விவிட்டிலிருந்து உள்ளபடி காட்டும் நேச்சுரலுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்க. விவிட்டில் எல்லாத் துணியும் அழகாகத்தான் தெரியும்.


அங்கேரிபாளையம்_தையல்:

சரிங்க, துணிகளை மடித்து எடுத்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போகிறோம், அங்கே இரண்டு போனையும் வைத்து நீங்கள் சொன்ன மாதிரியே எடுத்து, படங்களை இங்கே போடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும் என்று தெரியும், டாக்குமெண்டாகத்தான் அனுப்பிக்கொள்வேன். படத்தைப் பார்த்து எது உண்மையான மெரூன் என்று நீங்கள் சொல்லுங்க.