மறு: உயர் பகு எண்ணா, விஞ்செண்ணா?

வணக்கம்.

கணிதத்தில் ஹைலி காம்போசிட் நம்பர் (highly composite number) என்பதற்குத் தமிழில் ‘உயர் பகு எண்’ என்ற சொல்லே போதும் என்று நம் குழுவின் நேற்றைய மடலில் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை. சொல் அழகாக இல்லை என்பதற்காக அல்ல, கணக்கே இடிக்கிறது.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விடக் கூடுதல் காரணிகள் இருந்தால் அது இந்த வகை, அவ்வளவுதான் வரையறை. 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகும். இதில் இரண்டாவதாக நிற்கும் 2 பகா எண் (1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாதது; வேறு காரணியும் இருந்தால்தான் பகு எண்)! அப்புறம் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் “2 பகா எண், ஆனால் உயர் பகு எண்” என்று எப்படிச் சொல்வது? 1 பகுவும் இல்லை, பகாவும் இல்லை, அதற்கும் இதே கதி. ஆங்கிலப் பெயரிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது, சரி, நாம் புதிதாகச் செய்யும் சொல்லுக்குள் அதையும் ஏன் இழுத்து வர வேண்டும்?

‘மிகு பகு எண்’ என்று வைக்கலாமா என்றால் அது இன்னும் சிக்கல். மிகை எண் என்று வேறொரு வகை ஏற்கெனவே இருக்கிறது, தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை தன்னையே தாண்டுவது (12ஐ விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் 1+2+3+4+6, அதாவது 16). அங்கே எண்ணை அதன் காரணிகளோடு ஒப்பிடுகிறோம், இங்கே முன்னால் வந்த எண்களோடு ஒப்பிடுகிறோம். இரண்டுக்கும் ‘மிகு’ ஆகாது.

அதனால்தான் ‘காரணி விஞ்செண்’, சுருக்கமாக விஞ்செண் என்கிறேன். முன்னவற்றை எல்லாம் விஞ்சுகிறது என்பதுதானே கருத்து, அதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். ராமானுஜன் 1915 கட்டுரையில் 102 விஞ்செண்களைப் பட்டியலிட்டார், கடைசி எண் 6746328388800, அதற்கு 10080 காரணிகள். நடுவில் ஒரே ஒரு விஞ்செண் விடுபட்டுப் போனது: 293318625600. அதை 23ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண்ணே வந்துவிடும்! இத்தனையும் கையால் போட்ட கணக்கு என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. விடுபட்ட அந்த எண்ணுக்கு 5040 காரணிகள், 5040ம் விஞ்செண், அதன் காரணிகள் 60, அதுவும் விஞ்செண், அதற்கு 12, 12க்கு 6, 6க்கு 4 என்று விஞ்செண்களாகவே இறங்கி வந்து 4க்கு 3 காரணிகள் என்ற இடத்தில்தான் சங்கிலி அறுகிறது (3 விஞ்செண் அல்ல). ‘உயர் பகு எண்’ணைப் போட்டு இதே வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

லார்ஜ்லி காம்போசிட் (largely composite) என்று இன்னொரு வகை இருக்கிறது, அதுவும் ராமானுஜன் கைப்படிகளில் உள்ளதுதான் (அந்தக் கட்டுரையில் அச்சேறாமல் நின்ற பகுதி பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளிவந்தது). முன்னவற்றை விஞ்ச வேண்டாம், எதனிடமும் தோற்காமல் இருந்தால் போதும். 8க்கு 4 காரணிகள், 6க்கும் நான்கே. 18க்கு ஆறு, 12க்கும் ஆறு. இதற்குத் ‘தோலா எண்’ பொருந்தும் என்று நினைக்கிறேன், தோலா என்றால் தோற்காத, பழைய சொல்தான்.

சுப்பீரியர் ஹைலி காம்போசிட் (superior highly composite, விஞ்செண்களுக்குள்ளேயே இன்னும் கடுமையான அளவுகோலில் தேறுபவை) வகைக்குத்தான் இன்னும் எந்தச் சொல்லும் அகப்படவில்லை. 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040 என்று வருவது. ‘மேல் விஞ்செண்’ என்று எழுதிப் பார்த்தேன், ‘மேல்’ என்பது இடத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது. யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.