கஞ்சமலை ஊற்று, ஏற்காடு, தாரமங்கலம்: மூன்று நாளில் முடியுமா? முழங்கால் வலிக்கார அம்மாவோடு வருகிறோம்

மயிலாடுதுறைப் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு சேலம் வருகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அப்பா, அம்மா என்று ஐந்து பேர். அம்மாவுக்குக் கஞ்சமலை சித்தர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அவருடைய பாட்டி அந்தக் காலத்தில் கை முழுக்க மருவோடு போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தாராம், கொஞ்ச நாளில் எல்லாம் உதிர்ந்துவிட்டதாம், எங்கள் வீட்டில் அந்தக் கதையைக் கேட்காதவர்களே கிடையாது. இப்போது என் மகளுக்கும் கழுத்தில் பாலுண்ணி வந்திருக்கிறது, அதனால் அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார், அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்று. அந்த ஊற்றுத் தண்ணீரில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? மலையில் இரும்பு இருக்கிறது என்று படித்தேன், அதனாலா? அப்புறம், அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறினால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார். ஏற்காட்டில் எல்லோரும் போகிற வியூபாயிண்ட் பட்டியல் எனக்குத் தெரியும், அது போதும். உள்ளூர்க்காரர்கள் தங்கள் பெற்றோரைக் கூட்டிப்போனால் எங்கே கூட்டிப்போவீர்களோ அதைச் சொல்லுங்கள்.

இளம்பிள்ளைத் தறிக்காரி:
தம்பி, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கஞ்சமலை தெரியும், அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து இளம்பிள்ளை வழியில் வரும் டவுன் பஸ்ஸில் ஏறி "சித்தர் கோயில்" என்று டிக்கெட் கேளுங்கள், கண்டக்டரே இறக்கிவிடுவார். கோயில் அடிவாரத்தில்தான் இருக்கிறது, அம்மா மலை ஏற வேண்டியதே இல்லை. ஆனால் அமாவாசையன்று மட்டும் வராதீர்கள். எங்களுக்கு அது பெரிய நாள், சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வரும், முழங்கால் வலியோடு அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. சாதாரண நாளில் காலை ஏழு மணிக்கு வந்தால் குளத்தங்கரையில் நிம்மதியாக உட்காரலாம். உப்பு மிளகுப் பொட்டலத்தை அங்கேயே விற்பார்கள். வாங்கித் தலையைச் சுற்றித் தண்ணீரில் போட வேண்டும், உப்பு கரைவது போல மருவும் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பொட்டலம் சுற்றியிருக்கிற தாளையோ பிளாஸ்டிக்கையோ தயவுசெய்து குளத்தில் போட்டுவிடாதீர்கள், அதைக் கையால் பொறுக்கிப் பொறுக்கி எங்களுக்கு அலுத்துவிட்டது.

சித்தர் கதை அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், மகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். வயதான சீடர் ஒருவர் சோற்றைக் கிளற அகப்பை இல்லாமல் பக்கத்தில் கிடந்த குச்சியை ஒடித்துக் கிளறினார், சோறு கறுத்துப் போயிற்று, குருவுக்கு அதை எப்படிப் போடுவது என்று பயந்து தானே தின்றுவிட்டார், தின்றதும் இளைஞனாகிவிட்டார். அந்தச் சீடர்தான் இங்கே இருக்கிற சித்தர், அதனால்தான் இளமைக் கோலத்தில் இருக்கிறார் என்பார்கள். எங்கள் ஊரில் காட்டுப் பக்கம் போகிற பிள்ளைகள் இன்றைக்கும் கருப்பாக ஒரு குச்சியைக் கண்டால் ஒடித்துப் பார்க்காமல் வர மாட்டார்கள்.

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் அந்தக் குளத்தில் உப்பு போட்டவள்தான், அந்த நம்பிக்கையை விட மாட்டேன். ஆனால் என் அண்ணன் மகளுக்குக் காலில் தேமல் மாதிரி வந்தபோது, தீர்த்தத்திலேயே சரியாகிவிடும் என்று ஐந்து மாதம் தள்ளிப்போட்டோம். அப்புறம் தோல் டாக்டரிடம் காட்டினோம், அவர் முதலிலேயே வந்திருந்தால் இவ்வளவு பரவியிருக்காது என்று சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. பாலுண்ணி கிருமியால் வருவது, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே போய்விடும், ஆனால் சொறிந்தாலோ துண்டைப் பகிர்ந்தாலோ பரவும். டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிட்டு இங்கே வாருங்கள். இரண்டையும் செய்யலாம், சித்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செட்டிச்சாவடி ஓய்வுபெற்றவர்:
இருபத்தாறு வருடம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன் நான். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்குக் கல்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கஞ்சமலையில் இருப்பது காந்தக்கல், அதாவது மேக்னடைட். அது தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் இரும்புதான் மருவை உதிர்க்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கல்லுக்குப் பெரிய வரலாறு உண்டு. 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் கடலோரம் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை தொடங்கினார், அதற்குத் தாது சேலம் பக்கத்திலிருந்துதான் போனது. அதற்கும் ரொம்பக் காலம் முன்பே நம் ஆட்கள் சின்ன மண் உலையில் கரி போட்டு, துருத்தி ஊதி இந்தக் கல்லிலிருந்து இரும்பு எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு அதே மலையடிவாரத்தில்தான் சேலம் உருக்காலை நிற்கிறது.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி, அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நூல் கட்டி, மலையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குகிற ஓடை மணலில் இழுக்கச் சொல்லுங்கள். பத்தடி இழுத்தாலே பையைச் சுற்றிக் கருமணல் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். காந்தத்தைப் பையிலிருந்து உருவினால் அத்தனையும் பொலபொலவென்று உதிரும். என் பேரன் இதை நாள் முழுக்கச் செய்வான்.

அப்புறம், சேலத்திலிருந்து ஏற்காட்டு அடிவாரம் போகும் வழியில் இடது பக்கம் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் கரடுகள் தெரியும். வெள்ளைக்காரர்கள் அதைச் சாக் ஹில்ஸ் என்று எழுதிவிட்டார்கள், ஆனால் அது சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, நாங்கள் வெள்ளைக்கல் என்று சொல்கிற மேக்னசைட். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் எலுமிச்சம்பழச் சாறு போதும். சுண்ணாம்புக்கல்லில் விட்டால் நுரைக்கும், இதில் விட்டால் சும்மா இருக்கும். இது எப்படி உண்டானது என்று சொல்கிறேன், தண்ணீரில் என்ன இருக்கும் என்ற உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது. முதலில் இங்கே இருந்தது பூமிக்கு ரொம்ப அடியிலிருந்து வந்த, மெக்னீசியம் நிறைந்த கரும்பச்சைப் பாறை. அதன் விரிசல்களில் கரியமில வாயு கலந்த தண்ணீர் இறங்கி, பாறையிலிருந்த மெக்னீசியத்தைக் கரைத்து, அதே விரிசலில் வெள்ளையாகப் படியவிட்டது. கரும்பாறையில் யாரோ கோலமாவால் வலை போட்ட மாதிரி நரம்பு நரம்பாக ஓடும், கையிலெடுத்தால் காலிஃபிளவர் மாதிரி முண்டு முண்டாக இருக்கும். உருக்காலை உலைகளுக்குள் பதிக்கிற சூடு தாங்கும் செங்கல் இதிலிருந்துதான் செய்கிறார்கள். அத்தனையும் தண்ணீர் செய்த வேலை. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் படுத்துவதும், பாத்திரத்தில் வெள்ளை படிவதும் இந்த மெக்னீசியமும் கால்சியமும் கரைந்திருப்பதால்தான். சாலையிலிருந்து பாருங்கள், குழிக்குள் மட்டும் யாரும் இறங்கக் கூடாது. ஓரம் சரியும், மழைக்குப் பிறகு பச்சையாக அழகாகத் தேங்கி நிற்கும் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து தெரியாது.

நாகலூர் டீச்சர்:
ஏற்காட்டை நான் சொல்கிறேன். முதலில் ஒன்று. கிளியூர் அருவிக்கு அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள். 300 அடி அருவி, நல்ல மழைக்குப் பிறகு ஏரி நிரம்பி வழிந்து வந்து விழும்போது பார்க்கக் கண் போதாது, ஆனால் இறங்கிய படியெல்லாம் திரும்ப ஏற வேண்டும், கோடையில் போனால் வெறும் பாறைதான். எங்கள் மாமியார் வந்தபோது ஒரு வண்டிக்காரர் "பத்து நிமிஷம்தான்மா" என்று சொல்லி இறக்கிவிட்டு, பாவம், அவர் பாதிப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். வண்டி பேசும்போதே எந்தெந்த இடம், எவ்வளவு நேரம், யார் நடப்பார்கள் என்று பேசிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதிலாகச் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். 5326 அடி உயரம், ஆனால் மேலே மொட்டையாக, மேசை மாதிரி சமதளம், வண்டி அருகிலேயே போய்விடும். செம்மண் நிறத்தைக் கவனியுங்கள், அது பாக்சைட், மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்துதான் போனது. கோயில் என்றால் கோபுரமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், ஒரு குகை, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று இங்கே இருக்கிற மலையாளி மக்கள் சொல்வார்கள் (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்கிறவர்கள், இந்த மலைகளின் பழங்குடி). மே மாதம் அவர்கள் திருவிழா. நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் அதைக் கதை என்று நினைத்தேன், ஆனால் யோசித்தால் இந்த மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறு சேலத்து வழியாகப் போய்க் காவிரியில்தான் சேர்கிறது. ஊருக்குள் அந்த ஆறு இன்றைக்கு இருக்கிற நிலையைப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். மேலே அது தெளிந்த ஓடை.

யாரும் கூட்டிப்போகாத ஓர் இடம் சொல்லட்டுமா? ஹோலி டிரினிட்டி தேவாலயம். அங்கே ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவுக்கல் இருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று காட்டியவர். நிலவியல்காரர், இந்தச் சேலத்து மலைகளையும் அளந்து எழுதியிருக்கிறார், ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டிலேயே குடியிருந்தார், 1912இல் இறந்தார். அவருடைய மாமனார் பெர்சிவல் பாதிரியார், நம் தமிழ்ப் பழமொழிகளைத் தேடித்தேடித் தொகுத்தவர், அவர் 1882இல் இறந்தது ஏற்காட்டில்தான். காப்பியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் பெயரை எல்லா கைடும் சொல்வார்கள், ஃபுட் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். வருடாவருடம் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தக் கல் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு கூழாங்கல்லைக் கையில் கொடுத்து, இது தானாக உடைந்ததா, ஒருவர் உடைத்ததா என்று கேட்பேன்.

ஓமலூர் ராஜா:
தாரமங்கலத்தை யாரும் சொல்லவில்லையே. கைலாசநாதர் கோயில், இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலியார்கள் கட்டியது, ஒரே தளம், அம்மாவுக்குச் சிரமம் இல்லை. யாளி வாய்க்குள் கல் உருண்டை உருளும், வெளியே எடுக்க வராது. கல்லிலேயே சங்கிலி. ராமன் மறைந்து நின்று வாலி மேல் அம்பு விடுகிற சிற்பத்தைக் கட்டாயம் பாருங்கள், ராமன் இருக்கிற தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி தூணில் நின்று பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். மகளை ஒரு தூணிலும் நீங்கள் மறு தூணிலும் நின்று பாருங்கள். கஞ்சமலையும் இதுவும் ஒரே நாளில் முடியும், காலையில் சித்தர், சாயங்காலம் நடை திறந்ததும் தாரமங்கலம். ஏற்காட்டுக்கு ஒன்றரை நாள் வையுங்கள். சங்ககிரிக் கோட்டை நல்ல ஏற்றம், அதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

மயிலாடுதுறைப் பையன்:
போய்விட்டு வந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். அக்கா சொன்னபடி முதலில் டாக்டரிடம் காட்டினோம், பாலுண்ணிதான், தொடாமல் விடுங்கள், தனித் துண்டு கொடுங்கள் என்றார். அம்மாவிடம் அதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது, பயணத்தையே நிறுத்திவிடுவேன் என்று நினைத்துவிட்டார் போல. கஞ்சமலைக்கு வியாழக்கிழமை காலையில் போனோம். அம்மா உப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார், தன் பாட்டி நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு படியைக் காட்டினார். மகளுக்காக மட்டும் வேண்டிக்கொண்டாரா, முழங்காலுக்கும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை. தாளை மடித்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டேன் அக்கா.

ஐயா, காந்தம் வேலை செய்தது! தாடி என்று நீங்கள் சொன்னது அப்படியே. அப்பா எழுபது வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேத்தியோடு ஓடை மணலில் குந்தியிருந்தார், எழுப்ப முடியவில்லை, அதனால் தாரமங்கலம் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வாலி தெரிந்தான், ராமன் தெரியவில்லை. யாளி உருண்டையைப் பார்ப்பதற்குள் நடை சாத்துகிற நேரம் வந்துவிட்டது, அதற்காகவே இன்னொரு முறை வர வேண்டும். டீச்சர், சேர்வராயன் குகைக்குள் அம்மா என் தோளைப் பிடித்துக் குனிந்து வந்துவிட்டார். தேவாலயத்துக்கு நாங்கள் போன அன்று நல்ல மழை, குடைக்குள் நின்று ஃபுட்டின் பெயரைத் தேடிப்பிடித்தோம். கருமணலை மகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறாள், பள்ளியில் காட்ட வேண்டுமாம். ஐயா, அதைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்க ஏதாவது செய்ய வேண்டுமா?

செட்டிச்சாவடி ஓய்வுபெற்றவர்:
ஒன்றும் வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து மூடி போடுங்கள். அது துருப்பிடிக்காது.