பெரிய வீடு குழு: இன்ஜினைப் பிரிப்பதா, மாற்றுவதா?

சித்தப்பா: மெக்கானிக் போன் செய்தார். ஏடிவி இன்ஜின் சுற்றவே மாட்டேன் என்கிறதாம். பிரித்துப் பார்க்கவா, வேறு இன்ஜின் ஏற்றிவிடவா என்று கேட்கிறார். சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

அக்கா: எந்த வண்டி?

சித்தப்பா: தோட்டத்தில் ஓடுகிற நாலு சக்கர வண்டி.

அண்ணன்: ஓடுகிற இல்லை, ஓடிய.

பெரியப்பா: வாங்கும்போதே சொன்னேன்.

அத்தை: அண்ணா, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

மாமா: மாப்பிள்ளை, அவசரப்படாதே. தண்ணீரில் இறங்கி நின்றுபோன வண்டி இது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. அப்போது அடி வாங்குவது பிஸ்டனைக் கீழே கிராங்க் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடு. வளைந்துவிடும். நின்ற உடனே பிளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரை வெளியே தள்ள விட்டு, ஆயிலையும் மாற்றியிருந்தால் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் கேட்கிறேன். நின்ற பிறகு யாராவது திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தார்களா?

மாமா: ?

அண்ணன்: பாருங்கள், எல்லோரும் ஆஃப்லைன்.

அக்கா: தம்பி டைப் செய்கிறான் என்று காட்டியது. இப்போது காட்டவில்லை.

தம்பி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அத்தை: என்னடா நீக்கினாய்?

தம்பி: ஸ்டிக்கர், அத்தை. தெரியாமல் வந்துவிட்டது.

சித்தப்பா: அதை அப்புறம் பேசலாம். மெக்கானிக்குக்கு என்ன சொல்வது?

அண்ணன்: மாற்றிவிடுங்கள் சித்தப்பா. செகண்ட் ஹேண்ட் இன்ஜின் ஒன்று இருக்கிறது என்றாரே. ஏற்றினோமா, ஓட்டினோமா என்று போய்விடும்.

மாமா: அந்த இன்ஜினை முன்னாடி வைத்திருந்தவர் எதற்காகக் கழற்றினார் என்று யாருக்குத் தெரியும்? சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்துக் காட்டுவார்கள், அதை மட்டும் நம்பிவிடாதே. நிறைய ஏடிவி இன்ஜின்களில் ஸ்டார்ட் செய்யும்போது வால்வை லேசாகத் திறந்து வைக்கிற டிகம்ப்ரஷன் அமைப்பு, வால்வை இயக்குகிற கேம்ஷாஃப்ட்டிலேயே இருக்கும். அதனால் நல்ல இன்ஜினும் குறைத்துக் காட்டும். காற்று எங்கே கசிகிறது என்று பார்க்கிற லீக் டவுன் டெஸ்ட் செய்யச் சொல். பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றுவார்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று உள்ளே போகிற பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி விட்டால் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்பு. அப்புறம் மாடல் வருஷமும் முக்கியம். வயரிங் சாக்கெட், இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற ஈசியூ கம்ப்யூட்டர் எல்லாம் நம் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

அக்கா: சுருக்கமாகச் சொல்லுங்கள் மாமா.

அத்தை: சுருக்கமாகவா? இவரா?

பெரியப்பா: பம்ப்செட் மோட்டாரைப் பிரித்தவரும் இவர்தான்.

அண்ணன்: மிச்சமான போல்ட்டுகள் இன்னும் டப்பாவில் கிடக்கின்றன.

மாமா: அந்த மோட்டார் இன்றும் ஓடுகிறது.

பெரியப்பா: இன்று ஓடுவது புது மோட்டார்.

சித்தி: இடையில் ஒரு விஷயம். அந்த வண்டியின் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது? அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். காணவில்லை.

அக்கா: எதற்கு அங்கே வைத்தீர்கள்?

சித்தி: பிள்ளைகள் கையில் படக் கூடாது என்றுதான். 16 வயதுக்குக் கீழே ஓட்டக் கூடாது என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கிறது.

நான்: பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்றும் ஒட்டியிருக்கிறது.

அண்ணன்: பெரியப்பா பின்னால் உட்கார்ந்து போன போட்டோ என்னிடம் இருக்கிறது.

பெரியப்பா: அதை இங்கே போடாதே.

அண்ணன்: (படம்)

அத்தை: அண்ணா, வேட்டியை இவ்வளவு தூக்கியா கட்டுவது!

மாமா: நாலு சக்கரம் என்பதால் தப்பித்தார். ஹோண்டா 1970-ல் முதலில் விட்டது மூன்று சக்கர வண்டி. திருப்பத்தில் கவிழ்ந்து எத்தனையோ பேருக்கு அடி. கடைசியில் 1988-ல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டி விற்பனையையே நிறுத்தினார்கள்.

அத்தை: சாவியைக் கேட்டால் சரித்திரம் சொல்கிறார்.

சித்தப்பா: மெக்கானிக் மறுபடி கூப்பிட்டார். ஆயிலை இறக்கிவிட்டாராம். வெளுத்துப் பால் நிறத்தில் வந்திருக்கிறது. கூடவே மினுமினு என்று தூள்.

சித்தப்பா: (வீடியோ)

நான்: தண்ணீர் கலந்தால் அப்படித்தான் வெளுக்கும். தூளில் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் சித்தப்பா. ஒட்டினால் எஃகு, அதாவது கியர், பேரிங், ராடு பக்கம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், பிஸ்டனாக இருக்கலாம்.

மாமா: சபாஷ். இந்தக் குழுவில் இன்னொரு ஆளுக்கும் விஷயம் தெரிகிறது.

மாமா: இனி கணக்கு இப்படித்தான். ஹெட், வால்வு, ரிங் வரைக்கும் என்றால் ரிப்பேர். கேள்வியே இல்லை. சிலிண்டரில் கோடு விழுந்திருந்தால் உள்சுவர் இரும்புக் குழாயான ஸ்லீவா, நிக்கசில் என்கிற மெல்லிய கடினப் பூச்சா என்று பார்க்க வேண்டும். ஸ்லீவ் என்றால் போர் பண்ணி, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். பூச்சு என்றால் போர் பண்ணும்போது அது போய்விடும். மறுபடி பூச்சு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது சிலிண்டர். ராடு வளைந்திருந்தால்தான் உண்மையான தலைவலி. ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் பெரும்பாலும் பிரஸ்ஸில் அமுக்கிச் சேர்த்தது. இன்ஜினை இரண்டாகப் பிளந்து, கிராங்கைப் பிரித்து, ராடு மாற்றி, மறுபடி சேர்த்து, கோணாமல் சுற்றுகிறதா என்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். அதைச் சுத்தமாகச் செய்கிற லேத்காரர் கிடைக்காவிட்டால் முழு கிராங்க் செட்டாகத்தான் வாங்க வேண்டும்.

அண்ணன்: எல்லாம் சேர்ந்து வண்டி விலையில் பாதியைத் தாண்டினால்?

பெரியப்பா: விற்றுவிடு.

சித்தி: எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

சித்தப்பா: விற்கிற பேச்சே வேண்டாம்.

அத்தை: அப்பாவின் கீழ் வயலை விற்றபோதும் பெரிய அண்ணன் இதே வேகத்தில்தான் சொன்னார்.

பெரியப்பா: அது வேறு விஷயம்.

அத்தை: எல்லாமே வேறு விஷயம்தான்.

அக்கா: அலுமினிய ஏணி யார் வீட்டில் இருக்கிறது? ஒரு மாதமாகக் கேட்கிறேன்.

அண்ணன்: எங்கள் வீட்டில் இல்லை.

அக்கா: உன்னை யாரும் கேட்கவே இல்லையே.

சித்தப்பா: எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஹெட்டை மட்டும் கழற்றச் சொல்லியிருக்கிறேன். ராடு வளைந்திருந்தால் பிஸ்டன் மேலே வர வேண்டிய உயரத்துக்கு வராதாம், அளந்தால் தெரிந்துவிடும் என்கிறார். அந்தச் செகண்ட் ஹேண்ட் இன்ஜினுக்கு முன்பணம் கொடுக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாமா: எது போட்டாலும் முதலில் ஏர் பாக்ஸ் மூடியைப் பார்க்கச் சொல். கிளிப் உடைந்திருந்தால் புது இன்ஜினும் இதே தண்ணீரைத்தான் குடிக்கும்.

பெரியப்பா: நான் எதற்கும் சரி என்று சொல்லவில்லை.

சித்தப்பா: தெரியும் அண்ணா.

தம்பி: சித்தி, சாவி ஹெல்மெட்டுக்குள் இருந்தது.

சித்தி: ஹெல்மெட் எங்கே இருந்தது?

தம்பி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சித்தப்பா: காந்தத்தில் கொஞ்சம் ஒட்டுகிறதாம், கொஞ்சம் ஒட்டவில்லையாம்.

மாமா: (வாய்ஸ் மெசேஜ், 6:40)

அத்தை: யாரும் திறக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டேன். ஹெட்டைத் திறக்கும் வரை பொறுக்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.