பாரிஸ் பக்கத்துல லா கூர்நேவ்ல ரூம காலி பண்ணச் சொல்றாங்க, அவசரம்

முத்தியால்பேட்டை பையன்:
வணக்கம். ஆடி முடிஞ்சதும் பாண்டியிலேர்ந்து வந்தோம். தாத்தா சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர்), அதனால எனக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கு. ரூம் குடுத்தவர் அக்டோபர் முடியறதுக்குள்ள காலி பண்ணச் சொல்றார். ஏஜென்சில வாடகை மாதிரி மூணு மடங்கு சம்பளம் காட்டுங்கறாங்க. ராத்திரி வேலை முடிஞ்சு வரும்போது பாலத்துக்குக் கீழ டென்ட் போட்டுப் படுத்திருக்கறவங்களப் பாக்குறேன். இவ்ளோ பணக்கார நாட்டுல இது எப்படி? பயமா இருக்கு.

கடலூர் ஓ.டி. அண்ணன்:
தம்பி, மொதல்ல பாஷையக் கத்துக்க. நாங்க பாரிஸ்ல லா ஷாப்பேல்ங்கற ஏரியாவுல ஒரே ரூம்ல ஷிஃப்ட் போட்டுத் தூங்கினவங்க. பாத்திரம் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கும், அந்தக் கையோடயே எலுமிச்சம்பழம் நறுக்குவோம். யார்கிட்டயும் கை நீட்டல. உழைக்கிறவன் இங்க ஏழையா இருக்க மாட்டான்.

குயவர்பாளையம்:
இல்லண்ணே, இத ஒத்துக்க முடியாது. நான் ஆபீஸ் க்ளீனிங். விடியக்காலைல மூணு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம். நடுவுல காத்துக் கெடக்கறதுக்குச் சம்பளம் கெடையாது. இன்சேன்னு இங்க இருக்கற அரசுப் புள்ளிவிவர அலுவலகத்தோட 2023 கணக்குல தனி ஆளுக்கு மாசம் 1,288 யூரோதான் வறுமைக் கோடு. அதுக்குக் கீழ 98 லட்சம் பேர், நூத்துக்கு 15.4. 1996லேர்ந்து பாத்தா இதுதான் அதிகம். முழுநேர ஸ்மிக்கே (சட்டப்படி குறைஞ்சபட்ச சம்பளம்) கைக்கு 1,400 சொச்சம். அரைநாள் வேலைன்னா உழைச்சும் கோட்டுக்குக் கீழதான்.

சான்-தெனி வாசி:
நம்மள மாதிரி ஆளுங்கள எல்லாம் 93லயே (பாரிஸுக்கு வடக்கால இருக்கற எங்க மாவட்டத்தோட நம்பர்) அடைச்சு வெச்சிருக்காங்க. பெரிய ஊர்ல எல்லாம் ஹெச்எல்எம் (குறைஞ்ச வாடகை அரசு வீடு) இருக்கணும்னு 2000லயே சட்டம் வந்தாச்சு. பாரிஸ் பக்கத்துல நெய்யி மாதிரி பணக்கார ஊர் அபராதம் கட்டுது, வேணுங்கற அளவு வீடு கட்டல. 2024லயே 27 லட்சம் குடும்பம் அந்த வீட்டுக்கு க்யூல நின்னுது. கீழ்மட்டக் குடும்பம் சராசரி வருமானத்தத் தொட இங்க 6 தலைமுறை ஆகும்னு 2018ல ஓஈசிடி (பணக்கார நாடுகளோட பொருளாதார அமைப்பு) சொல்லிச்சு. டென்மார்க்ல ரெண்டே தலைமுறை.

கடலூர் ஓ.டி. அண்ணன்:
அப்ப எதுக்கு இங்க இருக்கீங்க? ஊருக்குப் போயிட வேண்டியதுதானே.

லாஸ்பேட்டை அக்கா:
சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம், பாவம் அந்தப் புள்ள தவிச்சுக்கிட்டு இருக்கு. தம்பி, உன்கூட யார் இருக்கா? வாடகைக் காகிதம் இருக்கா?

முத்தியால்பேட்டை பையன்:
மனைவி, கைக்குழந்தை இருக்காங்கக்கா. காகிதம் எதுவும் தரல, வாடகை கையிலதான் குடுக்குறேன். வேலை அரைநாள், ஆனா கான்ட்ராக்ட் இருக்கு.

லாஸ்பேட்டை அக்கா:
இத மொதல்லயே கேக்காம ஆளாளுக்குப் பேசிட்டோம். கேட்டுக்க. அவர் சொன்னார்னு நீயா சாவியக் குடுத்துட்டு வெளிய வந்துடாத. கோர்ட் உத்தரவு இல்லாம ஓனர் பூட்ட மாத்தி வெளிய தள்ளினா அது குற்றம். நவம்பர் 1லேர்ந்து மார்ச் 31 வரைக்கும் வீட்ட விட்டு வெளியேத்தக் குளிர்காலத் தடை வேற இருக்கு, அவர் அவசரப்படறது அதுக்குத்தான்னு எனக்குத் தோணுது. அவர் அனுப்பின மெசேஜ் ஒண்ணையும் அழிக்காத. உன் கேஸ் உள்வாடகையா என்னன்னு 'அதில்'ங்கற (ADIL) வீட்டுச் சட்ட ஆலோசனை அலுவலகத்துக்காரங்ககிட்ட கேளு, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டாங்க.

நாளைக்கே மேரில (நகராட்சி ஆபீஸ்) இருக்கற செசேஆஸ்ங்கற (CCAS) சமூக உதவிப் பிரிவுக்குப் போய் சோசியல் அம்மாவப் (சமூகப் பணியாளர்) பாக்க நேரம் வாங்கு. அட்ரஸ் இல்லன்னா அங்கயே தொமிசிலியாசியோன் (கடிதம் வர்றதுக்கு ஒரு அட்ரஸ்) கேளு. இங்க அட்ரஸ் இல்லன்னா காஃப் (குடும்ப உதவிப் பணம் தர்ற ஆபீஸ்), பேங்க், வேலைன்னு எல்லாமே நின்னு போயிடும், டென்ட்ல கெடக்கறவங்க பல பேர் அப்படித்தான் மாட்டினாங்க. உனக்கு நேஷனாலிட்டி இருக்கு, அதனால எர்எஸ்ஆவுக்கு (RSA, வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு அரசு தர்ற மாச உதவி) வெளிநாட்டுக்காரங்க மாதிரி அஞ்சு வருஷம் காத்திருக்க வேணாம். குழந்தை இருக்கறதால 25 வயசு ஆகலன்னாலும் கேக்கலாம். காரந்திக்கு (வாடகை ஜாமீன்) விசால்ங்கற திட்டத்துல போடு, ஃப்ரீதான். புது வீடு கெடச்ச அன்னிக்கே ஆபேஎல் (APL, வாடகைக்கு அரசு உதவித்தொகை) போட்டுடு, விட்டுப்போன மாசத்துக்குத் தர மாட்டாங்க. ராத்திரி நிஜமாவே வெளிய நிக்கற நெலமை வந்தா 115க்கு ஃபோன் போடு, தங்க இடமில்லாதவங்களுக்கான அவசர நம்பர். லைன் கெடைக்க நேரமாகும், விடாம அடி. குழந்தை இருக்குன்னு எடுத்ததும் சொல்லு.