க்ரூகரோடு திரும்பி வராதே கார்த்தி

கார்த்தி: எல்லாரும் பாருங்கள், ஏஜென்ட் தென்னாப்பிரிக்கப் பயணத் திட்டம் அனுப்பிவிட்டார். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி க்ரூகர் காட்டில் 6 இரவு, அப்புறம் கேப் டவுன் 1 இரவு, மறுபடி ஜோகன்னஸ்பர்க் வந்து ஊருக்கு விமானம். சரி என்று சொல்லிவிடலாமா?

மீனா: கார்த்தி, அந்த 1 இரவுக்கு மட்டும் சரி சொல்லிவிடாதே. நாங்கள் 2019-ல் போனபோது எங்களுக்கும் இதே மாதிரி ஒரே ஒரு பகல்தான் வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து பலத்த காற்று, டேபிள் மலைக்கு ரோப் கார் ஓடவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம், மலை உச்சியில் இருந்து மேகம் விரிப்பு மாதிரி வழிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான், ஏர்போர்ட்டுக்கு ஓடினோம். இத்தனை தூரம் போயும் அந்த ஊரைப் பார்க்காமல் வந்தது இன்னும் மனசில் இருக்கிறது.

சுதா: அப்படியென்றால் எத்தனை நாள் வைக்கலாம் அண்ணி?

மீனா: காட்டுக்கு 4, கேப் டவுன் பக்கம் ஃபிரான்ஷூக் என்ற திராட்சைத் தோட்ட ஊரில் 2, கேப் டவுனில் 3. க்ரூகர் 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், 6 இரவு தங்கினாலும் முழுதும் பார்க்கப் போவதில்லை. தெற்கே ஸ்குகுசா பக்கம் சபி ஆற்றை ஒட்டி 4 இரவு தங்கினால் யானை, சிங்கம், எருமை எல்லாம் பார்க்க நல்ல வாய்ப்பு. தினமும் விடிவதற்கு முன் எழுந்து ஜீப்பில் 3 மணி நேரம், சாயங்காலம் மறுபடி 3 மணி நேரம். ஐந்தாவது நாள் பாப்பா எழுந்திருக்க மாட்டாள் சுதா, அப்பாவுக்கும் முதுகு வலிக்கும்.

அம்மா: திராட்சைத் தோட்டம் என்றால் அங்கே ஒயின்தானே மீனா. குடிக்காத நாங்கள் 2 நாள் என்ன செய்வோம்?

மீனா: அம்மா, நானும் அப்படி நினைத்துத்தான் அன்றைக்கு அதைக் கேட்காமலே விட்டேன். போன வருஷம் ஆபீஸ் வேலையாகப் போனபோது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஃபிரான்ஷூக் போனேன். நான்கு பக்கமும் மலை, நடுவில் சின்ன ஊர். 1688 வாக்கில் பிரான்ஸில் இருந்து மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்தவர்கள் குடியேறிய இடம், பெயருக்கே பிரெஞ்சு மூலை என்றுதான் அர்த்தம். பச்சை டிராம் ஒன்று தோட்டங்களுக்கு நடுவே மெதுவாகப் போகும், பிடித்த தோட்டத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். நம் தேனிப் பக்கம் கம்பம் ஊரில் பந்தல் போட்டுத் தலைக்கு மேல் குலை குலையாகத் தொங்குமே, அப்படி இல்லை, இங்கே இடுப்பு உயரத்தில் கம்பி கட்டி வரிசை வரிசையாக மலையடி வரைக்கும் விட்டிருக்கிறார்கள். நீங்கள் செப்டம்பர் கடைசியில் போனால் பழம் இருக்காது, அறுவடை ஜனவரியில் இருந்து மார்ச் வரை. ஆனால் அப்போதுதான் புதுத் தளிர் விடும், அதுவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். சில தோட்டங்களில் குழந்தைகளுக்குத் திராட்சைச் சாறும் தருகிறார்கள். காபி வேண்டாம் என்றால் ரூய்போஸ் டீ கேளுங்கள், அந்த மாகாணத்து மலைப்பக்கத்தில் விளைகிற செடி, காஃபீன் கிடையாது, ராத்திரி தூக்கம் கெடாது.

சித்தப்பா: எனக்கு ஸ்டெல்லன்போஷ் பார்க்க ஆசை. பினோடாஜ் என்ற திராட்சையை 1925-ல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெரோல்டுதான் இரண்டு ரகங்களைக் கலப்பு செய்து உருவாக்கினார் என்று படித்திருக்கிறேன். அது பிறந்த ஊரில் ஒரு வாய் ருசி பார்க்க வேண்டும்.

மீனா: தாராளமாகப் பாருங்கள் சித்தப்பா, இரண்டு ஊரும் பக்கம் பக்கம்தான். ஆனால் அன்றைக்கு நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது. டிராம், இல்லையென்றால் டிரைவர் வைத்த கார்.

கார்த்தி: அக்கா, நான் ஜூலையில் லீவு கேட்கலாம் என்று இருந்தேன். காட்டுக்கு அதுதான் நல்ல நேரம் என்கிறார்களே.

மீனா: காட்டுக்கு நல்ல நேரம்தான். மழை இல்லாமல் புல் காய்ந்து குட்டையாக இருக்கும், குளத்தங்கரைக்கு மிருகங்கள் தானாக வரும். ஆனால் கேப் டவுனுக்கு மழை அந்த மாதங்களில்தான். க்ரூகரில் கோடையில் மழை, கேப்பில் குளிர்காலத்தில் மழை, இரண்டும் நேர் எதிர். செப்டம்பர் கடைசி வாரம் போனால் காடு இன்னும் காய்ந்தே இருக்கும், கேப்பில் மழை குறைந்து பூ பூத்திருக்கும், ஹெர்மானஸ் பக்கம் கடலில் திமிங்கலம் கூட கரையில் நின்றே பார்க்கலாம். பாப்பாவுக்குக் காலாண்டு லீவும் அப்போதுதானே. ஆனால் 24-ம் தேதி அங்கே பாரம்பரிய நாள் விடுமுறை, கூட்டம் இருக்கும், தங்குமிடத்தை இப்போதே பிடி.

சுதா: காட்டை முதலில் வைப்பதா, கடைசியிலா?

மீனா: முதலில். ஸ்குகுசாவில் இருந்து கேப் டவுனுக்கு நேர் விமானம் இருக்கிறது, சுமார் இரண்டரை மணி நேரம். அங்கே இறங்கியதும் ஊருக்குள் போகாதீர்கள், நேராகத் தோட்டத்து ஊருக்குக் கிளம்புங்கள், ஏர்போர்ட் அந்தப் பக்கம்தான். காட்டு அலைச்சல் அந்த 2 நாளில் தீரும், அப்புறம் நகரம். திரும்ப ஜோகன்னஸ்பர்க் வரவே வேண்டாம் கார்த்தி, துபாய், தோஹா விமானங்கள் கேப் டவுனில் இருந்தே கிளம்புகின்றன. ஏஜென்டிடம் அப்படி மாற்றித் தரச் சொல். நகரத்தில் 3 நாளில் எந்த நாள் காலையில் மலை தெளிவாகத் தெரிகிறதோ அன்றைக்கே வேறு வேலையை விட்டுவிட்டு மேலே ஏறிவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

அப்பா: மீனா, ராபன் தீவு போக முடியுமா? மண்டேலா 27 வருஷச் சிறையில் 18 வருஷம் இருந்த அறையை நான் நேரில் பார்க்க வேண்டும். 30 வருஷம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

மீனா: கட்டாயம் அப்பா. துறைமுகத்தில் இருந்து படகு. சிறைக்குள் சுற்றிக் காட்டுபவர்களே முன்பு அங்கே கைதியாக இருந்தவர்கள். கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள், அதனால் நகரத்தின் முதல் நாளுக்கே டிக்கெட் எடுக்கச் சொல்கிறேன், தப்பினால் அடுத்த நாள் முயற்சி செய்யலாம்.

அப்பா: இன்னொன்றும். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கும் நாளில் அரை நாள் கிடைக்குமா? தில்லையாடி வள்ளியம்மையின் சமாதி அங்கே பிராம்ஃபான்டைன் கல்லறையில் இருக்கிறது. காந்தியின் போராட்டத்தில் சிறை போன 16 வயதுப் பெண், அங்கே காய்ச்சல் வந்து, விடுதலையான சில நாளில் 1914-ல் இறந்துபோனாள். ஒரு முழம் பூ வைத்துவிட்டு வர வேண்டும்.

கார்த்தி: முதல் இரவு அங்கேயே தங்கிக்கொள்ளலாம் அப்பா. மொத்தம் 10 இரவு ஆகும், நான் லீவைப் பார்த்துக்கொள்கிறேன்.

சுதா: மலேரியா மாத்திரை வேண்டுமா அண்ணி?

மீனா: க்ரூகர் மலேரியா இருக்கும் இடம், கேப் டவுனில் இல்லை. எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேள், மாமாவின் பிரஷர் மாத்திரையையும் காட்டு. காட்டை விட்டு வந்த பிறகும் டாக்டர் சொல்லும் நாள் வரை தொடர வேண்டும், கேப் டவுன் வந்தாயிற்று என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் சார்ஜர். அங்கே சுவரில் நம் வீட்டு கீசர் பிளக் மாதிரி பெரிய மூன்று உருண்டை ஓட்டை, அதற்கு ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்.

சுதா: பாப்பா பென்குயின் பார்க்கலாமா என்று பக்கத்தில் நின்று கேட்கிறாள்.

மீனா: பார்க்கலாம் செல்லம்! சைமன்ஸ் டவுன் பக்கம் போல்டர்ஸ் கடற்கரை. மரப்பாலத்தில் நடந்தால் காலடியில் மணலில் படுத்திருக்கும், கழுதை மாதிரி கத்தும். வண்டியை எடுப்பதற்கு முன் குனிந்து அடியில் பென்குயின் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். அந்த வேலையை நீ செய். அங்கிருந்து நன்னம்பிக்கை முனை போகும்போது மட்டும் கார் கண்ணாடியை இறக்காதீர்கள், பபூன் குரங்கு சாப்பாட்டைப் பிடுங்க உள்ளேயே ஏறிவிடும்.

(மறுநாள் காலை)

கார்த்தி: ஏஜென்ட் மாற்றித் தந்துவிட்டார். ஜோகன்னஸ்பர்க் 1, க்ரூகர் 4, ஃபிரான்ஷூக் 2, கேப் டவுன் 3. படகு நகரத்தின் முதல் நாள் காலையில்.

அம்மா: ஸ்வெட்டர் வேண்டுமா?

மீனா: ஆளுக்கு ஒன்று கண்டிப்பாக. திறந்த ஜீப்பில் விடிகாலைக் காற்று உறைய வைக்கும்.

அப்பா: மீனா, அந்த மலை மேல் நீ இன்னும் ஏறவில்லையே. நீயும் எங்களோடு வாயேன்.

மீனா: லீவு கேட்டுப் பார்க்கிறேன் அப்பா.

கார்த்தி: கேட்டுப் பார்ப்பதெல்லாம் அப்புறம். விசாவுக்கு நாள் ஆகும், பாஸ்போர்ட் முதல் பக்கத்தை இப்போதே படம் எடுத்து அனுப்பு அக்கா.