சித்தி வீட்டு எலியும் சனிக்கிழமைத் திவசமும்

சித்தி: பிள்ளைகள், பேஸ்மென்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் எலிப்புழுக்கை கிடக்குது. அப்பாவின் திவசத்துக்கு வாங்கி வைத்த அரிசி.

பவி: ஐயோ

பவி: போன முறை மாதிரி ரக்கூனோ?

பெரியண்ணை: ரக்கூன் என்றால் சீலிங்கே கீழே வந்திருக்கும்

சித்தப்பா: நான் செப்டம்பரிலேயே சொன்னேன்.

சித்தி: சொல்லிப்போட்டு கிரிக்கெட் பார்த்தீங்கள்.

அத்தான்: பதறாதீங்கோ. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் அக்டோபரில் இரவுக் குளிர் இறங்கினால் எலி சூடு தேடி உள்ளே வரத்தான் செய்யும். அது குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கிடக்கிற பிராணி இல்லை. 6 மில்லிமீட்டர் ஓட்டை போதும், பென்சில் போகிற இடத்தால் குஞ்செலி போகும். வெளியில் ஒருக்கால் சுற்றிப் பாருங்கோ, ஏசி குழாய், காஸ் குழாய் சுவருக்குள் போகிற இடம், ட்ரையர் வென்ட், கராஜ் கதவின் அடி ரப்பர். ஓட்டைக்குள் ஸ்டீல் வூல் இறுக்கி அடைத்து மேலே கோல்க் என்கிற அடைப்புப் பசை பூசவேணும், ஃபோம் மட்டும் அடித்தால் கடித்துக்கொண்டு வந்துவிடும். ஆனால் செங்கல் சுவரின் அடியில் வரிசையாக இருக்கும் சின்ன இடைவெளிகளைப் பூசி மூடாதீங்கோ, சுவருக்குள் இறங்குகிற தண்ணீர் அதால்தான் வெளியே வரும். அதுக்குக் கம்பி வலை.

பெரியண்ணை: இதை வாசித்து முடிக்க எலி குட்டி போட்டுவிடும்

சித்தப்பா: அந்த இடைவெளி எல்லாம் போன வருஷமே நல்லாப் பூசியாச்சு.

அத்தான்: சித்தப்பா!!

சித்தி: புழுக்கையைக் கூட்டி அள்ளவா?

அத்தான்: கூட்டவும் வேண்டாம், வாக்யூமும் வேண்டாம், தூசி மூச்சுக்குள் போகும். ஹன்டா வைரஸ் என்று ஒன்று இருக்கு, அது அந்தத் தூசியால் தொற்றலாம். ஒரு பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, 5 நிமிஷம் ஊறவிட்டு, கையுறையோடு பேப்பர் டவலால் துடையுங்கோ.

மாமி: பொறியில் கருவாடு வை.

சித்தி: திவச வீட்டில் கருவாடா மச்சாள்?

பெரியண்ணை: ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாடு இன்னும் இருக்கோ? எங்களுக்கு முடிஞ்சுது என்றல்லோ சொன்னீங்கள்

மாமி: அது வேற கருவாடு.

பவி: 😂😂

அத்தான்: பீனட் பட்டர் போதும். பொறியைச் சுவரோரமாக வையுங்கோ, எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். நஞ்சு வேண்டாம், சுவருக்குள் செத்தால் ஐயர் வருகிற நேரம் நாறும்.

சித்தி: அப்ப ஆர் வந்து ஓட்டை அடைக்கிறது?

பவி: எனக்கு வெள்ளி வேலை

பெரியண்ணை: நான் வரலாம், பார்ப்பம். என்ரை ஏணி சித்தப்பாவிடம்தானே நிற்குது, மூன்று வருஷமாய்

சித்தப்பா: எந்த ஏணி?

சித்தி: அரிசி புதுசாய் ஆர் வாங்கி வாறியள்? ஐயரை ஆர் ஏத்துறது? ஒருத்தரும் பேசக் காணோம்.