பூனைக்கு டின் உணவு எது நல்லது? கொஞ்சம் அவசரம்

வேளச்சேரிவாசி:
வணக்கம். எங்கள் பூனைக்கு ட்ரை ஃபுட்டை நிறுத்திவிட்டு டின் உணவுக்கு மாற்றியிருக்கிறோம். ஆசையாகத்தான் சாப்பிடுகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து கத்துகிறது. இளைத்த மாதிரியும் தெரிகிறது. கடையில் கேட்டால் இருப்பதிலேயே விலை கூடிய டின்னை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆரோக்கியமான டின் எது என்று பெயர் மட்டும் சொன்னால் போதும், இன்று மாலை வாங்கப் போகிறேன்.

கடல்காற்று:
வயது என்ன, ஆணா பெண்ணா, கருத்தடை ஆயிற்றா, எடை எவ்வளவு, இப்போது கொடுப்பது எந்த டின், ஒரு நாளைக்கு எத்தனை? இதெல்லாம் தெரியாமல் பெயர் சொன்னால் அது உங்கள் பூனைக்கு ஒத்துவருமா என்று யாருக்கும் தெரியாது.

நாலுகால்:
தானியம் இல்லாத டின்னாகப் பார்த்து வாங்குங்கள். அரிசி, கோதுமை, சோளம் என்று ஏதாவது போட்டிருந்தால் அப்படியே அலமாரியில் திருப்பி வைத்துவிடுங்கள். பூனைக்கும் தானியத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மொட்டைமாடி:
தானியத்தை விட முக்கியம் 'ஆஷ்'. டின்னின் பின்னால் 'க்ரூட் ஆஷ்' என்று ஒரு சதவீதம் இருக்கும். அது கூடினால் சிறுநீரில் கல் வரும். எங்கள் தெருவில் ஒரு பூனை அப்படித்தான் செத்தது. 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

சிங்கைப்பூனை:
டின் என்று சொல்வது பூனைக்கான டின்தானே? சூப்பர் மார்க்கெட்டில் மனிதர்களுக்கு விற்கும் உப்புநீர் டூனா டின் இல்லையே? இங்கே சிங்கப்பூரில் 2024 செப்டம்பரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்த பிறகு புதிதாக வளர்ப்பவர்கள் பலர் அதைத்தான் வாங்கிப் போடுகிறார்கள். உப்பு அதிகம், பூனைக்குத் தேவையான வைட்டமின்கள் கிடையாது. அதனால் கேட்கிறேன்.

பழையகுரல்:
இதே கேள்வி இங்கே மாதாமாதம் வருகிறது. வருகிறவர்கள் யாரும் டின்னைத் திருப்பிப் பார்ப்பதில்லை. முன்பக்கம் இருப்பது விளம்பரம், பின்பக்கம் இருப்பதுதான் உணவு. அங்கே இருப்பதை அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள். அதுவரை ஆளுக்கொரு கதை சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வேளச்சேரிவாசி:
ஆண், நாலு வயது, கருத்தடை ஆகிவிட்டது, எடை 4 கிலோ இருக்கும். பூனைக்கான டின்தான், தாய்லாந்தில் செய்தது. 70 கிராம் டின், காலை ஒன்று, இரவு ஒன்று. பின்னால் இருப்பது: டூனா 52%, மீன் வேகவைத்த நீர், இறால் 4%, அரிசி 1%. புரதம் 13%, கொழுப்பு 0.5%, நார் 0.5%, ஆஷ் 1.5%, ஈரப்பதம் 84%. இதற்குக் கீழே பொடி எழுத்தில் 'காம்ப்ளிமென்டரி' என்று இருக்கிறது. மீன் துண்டு துண்டாகக் கண்ணுக்குத் தெரிகிறது, கலப்படம் மாதிரி இல்லை. ட்ரை ஃபுட்டை நிறுத்தச் சொன்னது டாக்டர். போன மாதம் யூரின் போவதில் கொஞ்சம் பிரச்சினை இருந்தது.

கடல்காற்று:
கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். ஆண் பூனை, கருத்தடை ஆனது, ஏற்கனவே சிறுநீர்ப் பிரச்சினை! இப்போது எப்படிப் போகிறது? லிட்டர் பாக்ஸுக்கு அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறதா? மணலில் ஈரக்கட்டி வழக்கமான அளவில் இருக்கிறதா, சின்னச் சின்னதாக இருக்கிறதா, இல்லவே இல்லையா? அடியை ஓயாமல் நக்குகிறதா? ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகல். முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விட்டவர்கள் நிறைய. ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் டின் எல்லாம் அப்புறம், அந்த நிமிஷமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ராத்திரி என்றால் முதலில் போன் செய்து எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பழையகுரல்:
அதைக் கடல்காற்று சொல்லிவிட்டார், நான் டின்னுக்கு வருகிறேன். இனிமேல் கேட்க வருகிறவர்களும் படிக்கட்டும்.

'காம்ப்ளிமென்டரி' என்றால் அது சாப்பாடு இல்லை, தொட்டுக்கொள்வது. முழு உணவாக இருந்தால் 'கம்ப்ளீட்' என்று போட்டிருக்கும். அமெரிக்க டின் என்றால் 'ஆஃப்கோ' (கால்நடை, செல்லப்பிராணி உணவுக்கு அங்கே அளவு வகுக்கும் அமைப்பு) அளவுகளின்படி முழுமையான, சமச்சீரான உணவு என்று ஒரு வாக்கியமே இருக்கும், எந்த வயதுப் பூனைக்கு என்பதோடு. அந்த ஒரு வாக்கியத்தைத் தேடாமல் மற்ற எதைப் படித்தும் பிரயோசனம் இல்லை.

இப்போது கணக்கு. ஈரப்பதம் 84 போனால் மிஞ்சுவது 16. அந்தப் பதினாறில் புரதம் 13, அதாவது நீர் நீக்கிப் பார்த்தால் 81 சதவீதம். ஆஹா என்று தோன்றும். கொழுப்பைப் பாருங்கள்: பதினாறில் அரை, 3 சதவீதம். ஆஃப்கோ கேட்கும் குறைந்தபட்சமே 9. கால்சியம் சேர்த்ததாக இல்லை, வைட்டமின் இல்லை, பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தைச் சேர்த்ததாக ஒரு வார்த்தை இல்லை. கலோரி போட்டுப் பார்த்தால் ஒரு டின்னுக்கு 35, 40 தேறும். 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 200 கலோரி போல வேண்டும். நீங்கள் கொடுப்பது இரண்டு டின். கத்தாமல் என்ன செய்யும்? அது பட்டினி கிடக்கிறது.

முகப்பில் பெரிய இறால் படம் இருக்குமே? ஐரோப்பிய வழக்கப்படி 4 சதவீதம் இருந்தால் 'இறாலுடன்' என்று போட்டுக்கொள்ளலாம். சரியாக அந்த 4 சதவீதம்தான் உங்கள் டின்னிலும் இருக்கிறது.

நாலுகால்:
அதில் அரிசியும் இருக்கிறது பாருங்கள். நான் சொன்னது அதைத்தான்.

பழையகுரல்:
ஒரு சதவீத அரிசி, குழம்பைக் கெட்டியாக்கப் போட்டது. அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தானியத்தை எடுத்துவிட்டுப் பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டு 'கிரெய்ன் ஃப்ரீ' என்று விற்பதும் மாவுச்சத்துதான். மொட்டைமாடிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆஷ் என்பது எரித்தால் மிஞ்சும் தாதுக்களின் மொத்தம். அதை வைத்துக் கல் வருமா என்று சொல்ல முடியாது. இந்த டின்னில் ஆஷ் வெறும் 1.5, உங்கள் கணக்கில் இது பாஸ். ஆனால் ஒரு பூனை முழுதாக இதை நம்பி உயிர் வாழ முடியாது.

மொட்டைமாடி:
ஆஷ் குறைவாகப் பார்த்து வாங்கச் சொன்னதே ஒரு டாக்டர்தான். உங்களுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியுமா?

கடல்காற்று:
அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, பழையகுரல் சார். ஒரு காலத்தில் டாக்டர்கள் அப்படித்தான் சொன்னார்கள். 1980களில் 'ஸ்ட்ருவைட்' என்ற மெக்னீசியம் சேர்ந்த கல்தான் அதிகம். அதற்காக மெக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரைப் புளிப்பாக்கும்படி உணவைச் செய்தார்கள். ஸ்ட்ருவைட் குறைந்தது, கால்சியம் ஆக்ஸலேட் கல் கூடியது. இன்று எந்தக் கல்லாக இருந்தாலும் முதலில் சொல்வது தண்ணீர்தான். பூனை பாலைவனக் காட்டுப்பூனையின் வழிவந்தது, தாகம் குறைவு, தானாகப் போய் அதிகம் குடிக்காது. ட்ரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள், டின்னில் 75க்கு மேல். உங்கள் டாக்டர் டின்னுக்கு மாற்றச் சொன்னது இதற்காகத்தான் இருக்கும். டின்னோடு ரெண்டு ஸ்பூன் வெந்நீரும் கலந்து வையுங்கள், வாசனை எழும்பும், நக்கிக் குடித்துவிடும்.

வேளச்சேரிவாசி, டாக்டர் கொடுத்த சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டில் என்ன படிகம் என்று எழுதியிருக்கிறது? ஸ்ட்ருவைட் என்றால் அதற்கான மருத்துவ உணவிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். ஆக்ஸலேட் கரையாது. எந்த டின் என்பது அதைப் பொறுத்தது.

அரைப்படி:
டின்னெல்லாம் இப்போது வந்த நாகரிகம். கும்பகோணத்தில் எங்கள் பாட்டி வீட்டுப் பூனைகள் தயிர்சாதமும் பாலும் சாப்பிட்டே கொழுகொழுவென்று இருந்தன. நாங்கள் சைவம். இப்போதும் என் பூனைக்கு அதுதான். ஒரு குறையும் இல்லை.

சிங்கைப்பூனை:
உங்கள் பாட்டி வீட்டில் நெல் மூட்டை இருந்திருக்கும், மூட்டை இருந்த இடத்தில் எலி இருந்திருக்கும். பூனை ராத்திரி தின்றது அதை. எலியில் மாமிசம், எலும்பு, கொழுப்பு, ஈரல் எல்லாம் உண்டு, பெரும்பகுதி நீர். பகலில் தின்ற தயிர்சாதம்தான் உங்கள் கண்ணில் பட்டது. இன்று கதவடைத்த ஃபிளாட்டில் வளரும் பூனைக்குப் பல்லிகூட அகப்படாது.

அரைப்படி:
எலி எதற்கு? டாரின் செயற்கையாகவே செய்கிறார்கள். அதைச் சேர்த்த சைவப் பூனை உணவு வெளிநாட்டில் விற்கிறது. உயிரைக் கொன்றுதான் உயிரை வளர்க்க வேண்டுமா?

பழையகுரல்:
டாரின் ஏன் சேர்க்கிறார்கள் என்று தெரியுமா? டின் உணவு, ட்ரை ஃபுட் தின்ற பூனைகளுக்கு இதயம் பெருத்துச் செத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. டாரின் குறைவுதான் காரணம் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 1987-ல் எழுதினார்கள். அதன் பிறகுதான் கம்பெனிகள் அளவைக் கூட்டின, அந்த நோயும் அரிதாகிவிட்டது. கண் பார்வை போவதும் இதே குறையால்தான். டாரின் ஒன்று மட்டுமும் இல்லை. கேரட்டில் இருப்பதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளப் பூனையால் முடியாது, ஈரலிலிருந்து நேராக வர வேண்டும். அராக்கிடோனிக் அமிலமும் அப்படித்தான். உங்கள் சைவத்தை நீங்கள் காப்பாற்றுங்கள், பூனையிடம் திணிக்காதீர்கள்.

அரைப்படி:
திணிப்பது என்றெல்லாம் பேச வேண்டாம். மாமிசம் கையால் தொடாத வீட்டில் பூனையே வளர்க்கக் கூடாது என்கிறீர்களா?

கடல்காற்று:
அப்படி யாரும் சொல்லவில்லை, அக்கா. எங்கள் மாடியில் ஒரு சைவக் குடும்பம், பூனைக்கு மட்டும் டின் வைக்கிறார்கள். மூடியை இழுத்துத் திறந்து கிண்ணத்தில் கவிழ்த்தால் முடிந்தது, கையில் படுவதே இல்லை. அதற்கென்று தனி ஸ்பூன், கிண்ணம், எல்லாம் பால்கனியில். ஆனால் இந்த இழையில் இருக்கும் பூனைக்குப் படிகப் பிரச்சினை. தாவர உணவு சிறுநீரைக் காரமாக்கும், ஸ்ட்ருவைட்டுக்கு அதுதான் வேண்டும். ஆகவே இங்கே அந்த யோசனை வேண்டாம், தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

தஞ்சைமண்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டூனா தினமும் கொடுக்கலாமா? வேறு எந்த மீனும் எங்கள் பூனை தொடுவதில்லை. வீட்டில் வேகவைத்த மத்தி கொடுத்தால் டின்னுக்குச் சமமா?

கடல்காற்று:
டூனா பெரிய மீன், பாதரசம் சேர்ந்திருக்கும். தினமும் அதையே கொடுக்காமல் கோழி, வாத்து டின்களோடு மாற்றி மாற்றிக் கொடுங்கள். மத்தியை முள் எடுத்து, வேகவைத்து, எப்போதாவது கொடுங்கள். பச்சையாக வேண்டாம், சில மீன்களில் இருக்கும் தயாமினேஸ் பி1 வைட்டமினை அழித்துவிடும். மீன் மட்டுமே தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பு வீங்கி வலிக்கும், தொட விடாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு எந்த வடிவத்திலும் கூடாது, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும்.

நாலுகால்:
திறந்த டின் எத்தனை நாள் வைக்கலாம்?

கடல்காற்று:
வேறு டப்பாவில் மாற்றி மூடி ஃப்ரிட்ஜில் ரெண்டு மூன்று நாள். கிண்ணத்தில் வைத்ததை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்று வைத்தால் பல பூனைகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும், டப்பாவை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிற்க வைத்துக் கொடுங்கள்.

வேளச்சேரிவாசி, இருக்கிறீர்களா? லிட்டர் பாக்ஸ் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள்.

சிங்கைப்பூனை:
நேற்று இரவிலிருந்து ஆளைக் காணோம். நல்லபடியாக இருக்க வேண்டும்.

வேளச்சேரிவாசி:
நேற்றே கூட்டிப் போய்விட்டோம். ஈரக்கட்டி சின்னதாக இருந்தது, முழு அடைப்பு இல்லை என்றார் டாக்டர். ஸ்ட்ருவைட். டின்னைக் காட்டினேன், இதை மட்டும் கொடுத்தால் போதாது என்று அவரும் சொன்னார். யூரினரி டயட் டின் எழுதிக் கொடுத்திருக்கிறார், சாப்பிடுகிறது. எல்லோருக்கும் நன்றி. பழைய டின் ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறது, இடையிடையே கொடுக்கலாமா?

பழையகுரல்:
கூடாது. மருத்துவ உணவு ஓடும்போது வேறு எதைச் சேர்த்தாலும் சிறுநீரின் தன்மை மாறிவிடும், மறுபரிசோதனையில் தெரிந்துவிடும். டாக்டர் சரி என்று சொல்லும் வரை அந்த ஒரு டின்தான், கூட ஒரு துண்டு மீன்கூட வேண்டாம்.

கடல்காற்று:
மறுபரிசோதனைத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். அந்தப் பெட்டியைத் தெருப் பூனைகளுக்குச் சோறு வைப்பவர் யாரிடமாவது கொடுங்கள், சோற்றின் மேல் கொஞ்சம் போட்டால் அவற்றுக்குப் பிடிக்கும்.

தஞ்சைமண்:
எங்கள் டின்னைத் திருப்பிப் பார்த்தேன். 'கம்ப்ளீட்' என்றுதான் இருக்கிறது, ஆனால் 'கிட்டன்' என்று போட்டிருக்கிறது. என் பூனைக்கு ஒன்பது வயது. பரவாயில்லையா?

கடல்காற்று:
எடை என்ன? சிறுநீரகப் பரிசோதனை எப்போதாவது செய்திருக்கிறீர்களா?